கல்லாவுக்குள் ஒளிந்த சூது

கூடங்குளம் காவல் நிலையத்தில் பதிவான ஒரு சீட்டாட்ட வழக்கை ரத்து செய்யக் கேட்ட மனு, 2020 ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி பி. புகழேந்தி முன் வந்தது. ஊரடங்குக் காலம் அது. நீதிபதி நேரில் ஆடும் சீட்டோடு நிற்கவில்லை. செல்போனில் பணம் கட்டி ஆடும் ரம்மியையும் எடுத்துப் பேசினார். அரசு இதற்குத் தக்க சட்டம் கொண்டுவரும் என்ற நம்பிக்கையையும் தன் உத்தரவில் பதிவு செய்தார். அந்த நவம்பரிலேயே அவசரச் சட்டம் வந்தது. அதன் தொடர்ச்சியாக இயற்றிய சட்டத்தை 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு இதை ஆராய்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு, ஆளுநர் திருப்பி அனுப்பிய மசோதா, 2023 ஏப்ரலில் புதுச் சட்டம், அதே ஆண்டு நவம்பரில் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்ட தீர்ப்பு, 2025 பிப்ரவரியில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடக்கூடாது என்ற விதி என்று வரிசையாக வந்தன. கடைசியில் 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் எல்லாவற்றையும் ஒரேயடியாக மூடியது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டத்தை நடத்தினால் மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம்.

இத்தனை ஆண்டு வாதமும் இரண்டு கேள்விகளைத்தான் சுற்றி வந்தது. இது திறமையா, அதிர்ஷ்டமா? ஜெயித்தால் காசு கிடைக்குமா, கிடைக்காதா? வீடியோ கேம் ஆடுகிறவன், அந்தத் தொழிலின் செய்திகளை விடாமல் படிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நம் ஊர்ப் பையன்களின் செல்போனில் நடப்பதைப் பிடிக்க முடியாது. அங்கே ஆடுவது ரம்மி இல்லை, பி.ஜி.எம்.ஐ., ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டங்கள். அவற்றில் ஜெயித்தால் ஒரு பைசா வராது. ஆனாலும் அவற்றுக்குள் ஒரு கடை இருக்கிறது. அந்தக் கடையில் கிரேட் என்ற பெட்டியை விற்கிறார்கள்.

கிரேட் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். துப்பாக்கிக்குப் பளபளப்பான ஸ்கின், அதாவது வெளித்தோற்றம், வேண்டும். அதை நேரே வாங்க வழியில்லை. அது இருக்கக்கூடிய பெட்டியைத்தான் வாங்கலாம். பெட்டியைத் திறந்தால் ஒரு தொப்பி விழலாம், ஏற்கெனவே வைத்திருக்கும் சட்டையே மறுபடி விழலாம், கோடியில் ஒருவனுக்கு வாய்ப்பது போல அந்த ஸ்கின்னே விழலாம். பெட்டிக்கடையில் அட்டையில் ஒட்டிய சீட்டைக் காசு கொடுத்துக் கிழித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பெரிய பரிசை அட்டையின் தலையில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள், கைக்கு வருவதோ பலூன். ஆனால் அட்டையில் சீட்டு தீர்ந்துபோகும். செல்போனில் தீர்வதே இல்லை.

இந்த முறையைத் திட்டுவதற்கு முன் அதன் பக்க நியாயத்தையும் ஒழுங்காகக் கேட்க வேண்டும். 2021 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்தபோது விலை 49,990 ரூபாய். அதன் மேல் ஒவ்வொரு கேமுக்கும் ஆயிரக்கணக்கில் தனியாக அழ வேண்டும். அம்பாசமுத்திரத்திலோ ஸ்ரீவைகுண்டத்திலோ எத்தனை வீட்டுக்கு அது கட்டுப்படியாகும்? முந்தைய தலைமுறை பிரௌசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்தும், திருட்டு சி.டி. வாங்கியும்தான் வைஸ் சிட்டியும் கவுன்டர் ஸ்ட்ரைக்கும் ஆடியது. இலவச ஆட்டம் அந்த வாசலைத் திறந்துவிட்டது. பத்தாயிரம் ரூபாய் செல்போன் வைத்திருக்கும் முக்கூடல் பையன், சியோலில் இருக்கிறவன் ஆடும் அதே ஆட்டத்தை, திருட்டில்லாமல், காசில்லாமல் ஆடுகிறான். சர்வர் செலவு, புதுப் புது வரைபடம், ஏமாற்று ஆசாமிகளைப் பிடிக்கும் வேலை எல்லாவற்றுக்கும் யாரோ ஒருவர் பணம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். வசதியுள்ளவன் அலங்காரத்துக்குக் கொடுக்கட்டும், இல்லாதவன் சும்மா ஆடட்டும் என்ற ஏற்பாட்டில் ஒரு நியாயம் இருக்கிறது. ஸ்கின் போட்டவனுடைய குண்டு கூடுதலாகப் பாயாது என்கிற வரையில், ஆட்டத்துக்குள் ஏழை பணக்காரன் வித்தியாசமும் வராது. அலங்காரத்தை வெளிப்படையாக விலை போட்டு விற்றால் என்னிடம் ஒரு புகாரும் கிடையாது.

ஆனால் மூன்று இடங்களில் இந்த நியாயம் இடிக்கிறது.

முதலாவது, விலையை மறைப்பது. கடையில் எதற்கும் ரூபாய்க் கணக்கு கிடையாது. பி.ஜி.எம்.ஐ.யில் யூசி, ஃப்ரீ ஃபயரில் டைமண்ட் என்று தனி நாணயம். ரூபாயை அதுவாக மாற்றிய பிறகுதான் கடைக்குள் எதையும் வாங்க முடியும். யூசி கட்டுகள் ஒரு அளவில் வரும், பொருளின் விலை இன்னொரு அளவில் இருக்கும். கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சியதை வீணாக்க மனமில்லாமல் இன்னொரு கட்டு வாங்குவோம். விலை தெரிந்தால் யோசிப்பான் என்பது தெரிந்தேதான் விலைக்கு மேல் திரை போட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது, கிரேட்டின் கணக்கு. ஒரு பொருள் விழ நூற்றில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். நூறு பெட்டி திறந்தால் கட்டாயம் விழுந்துவிடும் என்றுதான் பெரும்பாலான பையன்கள் நினைக்கிறார்கள். கணக்கு அப்படி இல்லை. நூறு பேர் ஆளுக்கு நூறு பெட்டி திறந்தால், ஏறத்தாழ 63 பேருக்குத்தான் ஒரு தடவையாவது விழும். மீதி 37 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். அந்த 37 பேரில் ஒருவன்தான் பாளையங்கோட்டை டீக்கடை பெஞ்சில் செல்போனைப் பிடித்திருப்பான். பக்கத்தில் இருப்பவன், “ஏல, இன்னும் ஒரு பத்து போடுல, இந்த வாட்டி விழும் பாரு” என்பான். முந்தைய நூறு தோல்விக்கும் அடுத்த பெட்டிக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்பதை அவனுக்கு யார் சொல்லித் தருவது?

மூன்றாவது, ஆடுகிறவனின் வயது. 2021 ஜூலையில் பி.ஜி.எம்.ஐ. வந்தபோது, சிறுவர்களைப் பாதுகாக்கிறோம் என்று கிராஃப்டன் நிறுவனம் சில கட்டுப்பாடுகளை அறிவித்தது. 18 வயதுக்குக் கீழ் இருந்தால் நாளைக்கு மூன்று மணி நேரம்தான் ஆடலாம், நாளைக்கு 7,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது. மறுபடி படியுங்கள்: மாதத்துக்கு அல்ல, நாளைக்கு. அந்த ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் தினக்கூலி 273 ரூபாய். ஒரு தாய் 25 நாள் வெயிலில் நின்று சம்பாதித்தாலும் மகனுடைய ஒரு நாள் ‘பாதுகாப்பு வரம்பை’ எட்ட முடியாது. இந்த எண்ணை முடிவு செய்தவர்கள் தாமிரபரணிக் கரையில் எந்த வீட்டையும் மனதில் வைத்திருக்க வாய்ப்பில்லை.

பெற்றோரின் செல்போன் எண்ணுக்கு ஓ.டி.பி. போகும் என்ற ஏற்பாடும் இருந்தது. ஆனால் இங்கே பல வீடுகளில் பையன் ஆடும் செல்போனும் பெற்றோரின் செல்போனும் ஒன்றுதான். கொரோனாவில் பள்ளி மூடியபோது ஆன்லைன் வகுப்புக்கென்று வாங்கிய செல்போன் அது. யூ.பி.ஐ. அதில்தான் இருக்கிறது. பிசானப் பருவ அறுப்பு முடிந்து நெல்லுக்கான பணம் ஏறும் வங்கிக் கணக்கும் அதில்தான். ஓ.டி.பி. யார் கைக்கு வரும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மற்ற நாடுகள் இதை எப்படிக் கையாண்டன? ஜப்பான் 2012இல், பல துண்டுகளைச் சேர்த்தால்தான் பெரிய பரிசு என்ற வகையை நிறுத்தியது. பெல்ஜியம் 2018இல் காசு கொடுத்துத் திறக்கும் பெட்டியைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. நெதர்லாந்தில் கால்பந்து கேமில் பெட்டி விற்றதற்காக இ.ஏ. நிறுவனத்துக்கு விதித்த ஒரு கோடி யூரோ அபராதம் 2022இல் மேல்முறையீட்டில் ரத்தானது. கால்பந்து ஆட்டத்தின் ஒரு பகுதியாக வரும் பெட்டியைத் தனிச் சூதாட்டமாகப் பார்க்க முடியாது என்பது அங்குள்ள நீதிமன்றத்தின் கருத்து. தென்கொரியாவில் 2024 ஜனவரியில் நெக்ஸான் நிறுவனத்துக்கு 1,100 கோடி வொன்னுக்கு மேல் அபராதம் விழுந்தது. மேப்பிள் ஸ்டோரி ஆட்டத்தில் விழும் வாய்ப்பை ஆடுகிறவர்களுக்குத் தெரியாமல் குறைத்தது, சில சேர்க்கைகளுக்கு அதைப் பூஜ்யமாகவே வைத்தது என்பது குற்றச்சாட்டு. அந்த மார்ச் முதல் வாய்ப்பு விகிதத்தை வெளியிடுவது அங்கே சட்டப்படி கட்டாயம். அமெரிக்காவில் 2025 ஜனவரியில் கென்ஷின் இம்பாக்ட்டை நடத்தும் நிறுவனம் இரண்டு கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. பெற்றோர் சம்மதமில்லாமல் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பெட்டி விற்கக் கூடாது என்ற நிபந்தனையையும் ஏற்றது.

இவற்றில் முழுத் தடை பெல்ஜியத்தினுடையது. அதன் பலன் என்ன? 2022இல் வெளியான ஓர் ஆய்வு, அங்கே அதிக வருமானம் ஈட்டும் 100 ஐபோன் கேம்களில் 82இல் பெட்டி விற்பனை தொடர்வதைக் கண்டது. இது நமக்கும் புதிதில்லை. 2003 ஜனவரியில் தமிழ்நாடு லாட்டரியை ஒழித்தது. செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுக்குப் போனால் கேரள லாட்டரி கிடைக்கும். தடை எழுதுவது எளிது, கண்காணிக்க ஆள் வேண்டும்.

நம் நாட்டிலும் தடைக்குக் குறைவில்லை. 2020 செப்டம்பரில் பப்ஜி, 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர், அந்த ஜூலையில் பி.ஜி.எம்.ஐ. ஆனால் பப்ஜியும் ஃப்ரீ ஃபயரும் போனது சீனத் தொடர்புள்ள செயலிகளின் பட்டியலோடு, நாட்டுப் பாதுகாப்பு என்ற காரணத்தால். கல்லாப்பெட்டியை யாரும் திறந்து பார்க்கவில்லை. 2023 மே மாதம் பி.ஜி.எம்.ஐ. நேரக் கட்டுப்பாட்டோடு திரும்பி வந்தது, கிரேட்டும் கூடவே வந்தது. 2025ஆம் ஆண்டுச் சட்டம் இ-ஸ்போர்ட்ஸை அங்கீகரிக்கிறது, பந்தயம் கட்டாத சமூக ஆட்டங்களை ஊக்குவிக்கிறது. இரண்டும் நல்லதே. ஆனால் காசு கொடுத்து அதிர்ஷ்டத்தை வாங்கி, பதிலுக்குக் காசாகாத பொருளைப் பெறும் கிரேட்டை அது பெயர் சொல்லித் தொடவில்லை. காசு வெளியே வந்தால் சூது, வராவிட்டால் விளையாட்டு என்றே எல்லோரும் பழகிவிட்டார்கள். காசு எந்த வழியாக உள்ளே போகிறது என்பதைப் பார்ப்பாரில்லை.

கேம் ரசிகர்களான எங்களுக்கும் இதில் பங்குண்டு. யாராவது கிரேட்டைக் குறை சொன்னால், கேமிங்கையே குறை சொல்வதாக எடுத்துக்கொண்டு பாய்கிறோம். எந்தத் துப்பாக்கியின் வீரியத்தைக் குறைத்தார்கள் என்பதற்கு மூன்று நாள் கூச்சல் போடுகிறோம், விழும் வாய்ப்பு எவ்வளவு என்று கேட்பதில்லை. நூறு பெட்டியை வரிசையாகத் திறந்து காட்டும் வீடியோவுக்கு லைக் போடுகிறோம். அதில் கடைசியில் ஸ்கின் விழும். விழாமல்போன வீடியோவை யார் ஏற்றுவார்கள்? ரசிகர்கள் நினைத்தால் நடக்கும் என்பதற்குச் சான்று உண்டு. 2017 நவம்பரில் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2இல் பெட்டிக்குள் பலத்தையே வைத்து விற்கப் பார்த்தார்கள். உலகெங்கும் எழுந்த எதிர்ப்பில், வெளியீட்டுக்கு முன்பே பணம் கட்டும் வசதியை எடுக்க வேண்டியதாயிற்று. ராக்கெட் லீக் 2019 டிசம்பரில் பெட்டியையே எடுத்துவிட்டு, என்ன கிடைக்கும் என்பதை முன்கூட்டிக் காட்டும் முறைக்கு மாறியது.

பெட்டியோடு கூடவே கடையில் விற்கும் ராயல் பாஸும் (காசு கட்டிவிட்டு ஆட ஆடப் பரிசு பெறும் சீட்டு) குற்றமற்றதில்லை. எத்தனை காசுக்கு என்ன கிடைக்கும் என்பது அதில் தெரியும், அந்த அளவில் நேர்மை. ஆனால் கட்டிய காசு வீணாகக் கூடாதென்று பையன் தினமும் ஆட்டத்தில் உட்கார வேண்டியிருக்கும். பணத்தை மிச்சமாக்கிவிட்டு நேரத்தை எடுத்துக்கொள்கிறது. இரண்டில் ஒன்றைத்தான் ஏற்க வேண்டுமென்றால் நான் பாஸின் பக்கம்.

ஆகவே ஆட்டத்தைத் தடுக்காமல் கல்லாவை ஒழுங்குபடுத்தலாம். கடைக்குள் எல்லாவற்றுக்கும் ரூபாயில் விலை போட வேண்டும். விழும் வாய்ப்பை உள்ளே எங்கோ மூலையில் வைக்காமல், ‘வாங்கு’ பொத்தானுக்குப் பக்கத்திலேயே தமிழில் காட்ட வேண்டும். செலவு வரம்பை நாளுக்கு என்று வைக்காமல் மாதத்துக்கு என்று, இங்கத்திய வருமானத்தைப் பார்த்து வைக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு அதிர்ஷ்டத்தை விற்கவே கூடாது, பொருளை மட்டும் விற்கலாம். வயதைச் சரிபார்ப்பதில் சிக்கல் இருக்கிறது. ரம்மிக்குத் தமிழ்நாடு கேட்டது போல ஆதாரைக் கேட்டால், குழந்தைகளின் அடையாள விவரங்களைக் கேம் கம்பெனியிடம் கொடுத்ததாகிவிடும். அதைவிட எல்லோருக்குமே கிரேட்டை எடுத்துவிடுவது எளிது, வயது கேட்கும் அவசியமே இருக்காது.

ரம்மியிலிருந்து பந்தயப் பணத்தை எடுத்தால் அந்த நிறுவனங்களுக்கு வருமானமே நின்றுபோகும். பி.ஜி.எம்.ஐ.யிலிருந்து கிரேட்டை எடுத்தால் ஓடுவதும் ஒளிவதும் சுடுவதும் நான்கு பேர் சேர்ந்து கடைசி வட்டம் வரை தாக்குப்பிடிப்பதும் அப்படியே இருக்கும், நேரே விலை போட்டு விற்கும் ஸ்கின்னும் இருக்கும். எடுத்துவிட்டாலும் ஆட்டம் குறையாமல் இருக்கும் ஒரு பொருளை, ஆட்டம் பிழைக்க அவசியம் என்று சொல்லி விற்பதை ரசிகர்கள் நாங்கள் இனி ஏற்கக் கூடாது.