வாளித் தண்ணீர் வாதத்தைத் தீர்க்குமா?

செங்கலடியில் பதுளை வீதியில் ஏறி, கரடியனாறு, புல்லுமலை தாண்டிப் போனால் மகாஓயா வெந்நீர்க் கிணறுகள். வடக்கே போனால் திருகோணமலைக் கன்னியா. வாதம், மூட்டுவலி, தோல் வியாதி என்று மட்டக்களப்பார் இவ்விரண்டையும் நாடுகிறார்கள். நோய் தீர்க்கும் என்ற இந்தப் பேர் எவ்வளவு தூரம் உண்மை?

முதலில் ஐதிகம். இராவணன் தன் தாயின் இறுதிக் கடனுக்காக உண்டாக்கியவை கன்னியாவின் 7 கிணறுகள் என்பது கதை. சைவர்கள் இன்றும் அங்கே அந்தியேட்டிக் கிரியை செய்கிறார்கள். ஆக, கதை பேசுவது துக்கத்தை, நோயை அல்ல. மருத்துவப் பெருமைக்கு அதைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

அடுத்தது நீர். இலங்கையில் உயிருள்ள எரிமலை இல்லை. பாறை வெடிப்புகளின் வழியே ஆழத்துக்கு இறங்கும் மழைநீர், பூமியின் உட்சூட்டில் காய்ந்து மேலேறுகிறது. போகும் வழியில் பாறையின் உப்புகளையும் கரைத்துக்கொள்கிறது. அதில் அற்புதம் என்று தனியாக ஒன்றும் இல்லை.

மருத்துவச் சான்று என்ன சொல்கிறது? மூட்டுத் தேய்வுக்குக் கனிம நீர்க் குளியல் பற்றி 2007இல் வெளிவந்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, 498 நோயாளரைக் கொண்ட 7 ஆய்வுகளை எடைபோட்டது. சிகிச்சையே பெறாதவர்களைவிடக் குளித்தவர்களுக்கு நன்மை தெரிந்தது. ஆனால் ஆய்வுகளின் தரம் குறைவு என்றும் அது சொன்னது.

இந்தச் சிறு ஆதாரமும் நமக்கு அப்படியே பொருந்தாது. அத்தகைய சிகிச்சையில் நோயாளி தொட்டியில் அமிழ்ந்து கிடக்கிறார், நாள்தோறும், வாரக்கணக்கில். நீர் உடலின் பாரத்தைத் தாங்குவதால் மூட்டு இளைப்பாறுகிறது. நாமோ வாளியால் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டு அன்றே வீடு திரும்புகிறோம். நமக்குக் கிடைப்பது சில நிமிடச் சூடு மட்டுமே.

"குளித்தேன், நோவு குறைந்தது" என்பவர் பொய் சொல்லவில்லை. சூடு இரத்தக் குழாய்களை விரிக்கும், இறுகிய தசையை இளக்கும். ஆனால் நாட்பட்ட வலி ஏறியிறங்கும் இயல்புடையது. உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் பயணம் கிளம்புகிறோம். குளிக்காவிட்டாலும் அது தணிந்திருக்கக்கூடும்.

ஆபத்தும் உண்டு. மகாஓயாவில் சில கிணறுகளின் சூடு 50 பாகை செல்சியசைத் தாண்டும். நீரிழிவால் கால் மரத்தவருக்குத் தோல் வெந்தாலும் தெரியாது. மருந்தென்று இந்த நீரைக் குடிப்பதும் தவறு. சுடுநீர் பாறையிலிருந்து புளோரைட்டை எளிதில் கரைத்து வரும். குடிநீரில் அதற்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம்.

என் முடிவு இது: இக்கிணறுகள் ஆறுதல் தரும், நோயை மாற்றா. தாய்க்குக் கடன் கழிக்கவும் களைப்பாறவும் தாராளமாகப் போங்கள். காலில் புண்ணோ மரமரப்போ இருந்தால் முதலில் வைத்தியரிடம் போங்கள்; மாத்திரையை எந்த ஊற்றுக்காகவும் நிறுத்தாதீர்கள்.