மலைமேல் எழுந்த மாய ஒளி

"அதோ, அதோ!" என்று ஒரு குரல். குற்றாலத்தில் குளித்துக் களித்துத் தென்காசி திரும்பும் கூட்டம் அண்ணாந்து நிற்கிறது. மேற்கே கருத்த மலை. அதன் முகட்டுக்கு மேலே, முத்துக் கோத்தது போல் ஒளிப்புள்ளிகள்! ஓசையில்லை, ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து, உச்சி கடந்து, கிழக்கே சென்றதும், மேகமற்ற வானிலேயே மறைந்து போகின்றன. பொழுது விடிகிறது, பேச்சு பிறக்கிறது. வந்தது பறக்கும் தட்டாம்! வந்தவர் வேற்றுலகத்தாராம்!

நாம் தீட்டிய காட்சிதான் இது, ஆனால் நடவாததன்று. 2021 டிசம்பரில் பஞ்சாபின் பத்தான்கோட்டு மக்கள் இப்படித்தான் வியந்து நின்றனர். 2019 மே திங்களில் ஸ்டார்லிங்க் கோள்கள் அறுபது முதன்முதலாக ஏவப்பட்டபோது, கல்வியிற் சிறந்த நெதர்லாந்திலேயே பறக்கும் தட்டுச் செய்திகள் நூற்றுக்கு மேல் குவிந்தன. ஆகவே, பாமரர் மயக்கம் இது என்று எவரும் பரிகசிக்க வேண்டாம்.

நம் தோழர்கள் சிலரையும் இங்கே கண்டிக்கத்தான் வேண்டியிருக்கிறது. கேட்டவுடன் "புரளி!" என்கின்றனர். எந்நேரம் கண்டாய், எத்திசையில் கண்டாய் என்று ஒரு கேள்வி உண்டா? இல்லை. விசாரியாமல் வழங்கும் தீர்ப்புக்குப் பகுத்தறிவு என்றா பெயர்? கண்டவன் பொய்யனல்லன். கண்டது மெய்; கொண்ட பொருள்தான் பிழை.

தென்காசியில் அந்தி மயங்கிவிட்டது. ஆனால் 550 கிலோமீட்டர் உயரத்தில் செல்லும் செயற்கைக்கோளுக்குக் கதிரவன் இன்னும் மறையவில்லை. அக்கதிரை வாங்கித்தான் அது ஒளிர்கிறது, தனக்கென ஒளியில்லை. நகர்ந்து நகர்ந்து பூமியின் நிழலுக்குள் நுழைந்ததும் அணைகிறது. மாயமுமில்லை, மந்திரமுமில்லை! அடிவானத்தில் அது எழுவதை மலைத்தொடர் மறைத்துவிடுவதால், முகட்டிலிருந்தே புறப்பட்டது போன்ற தோற்றம். ஏவிய சில நாள்கள் வரை கோள்கள் அணிவகுத்துச் செல்லும். பிறகு விலகிப் பிரியும். தனித்து, விமானம் போல் விளக்குச் சிமிட்டாமல், சில நிமிடங்களில் வானைக் கடக்கும் பேரொளியா? 400 கிலோமீட்டர் உயரத்தில், ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை உலகைச் சுற்றிவரும் விண்வெளி நிலையமாக இருக்கலாம். அது எந்நேரம் எத்திசையில் தோன்றும் என்பதை முன்கூட்டியே கணித்து வெளியிடுகின்றனர், கைப்பேசியிலேயே காணலாம்.

1957 அக்டோபரில் ஸ்புட்னிக் பறந்தபோதும் கதை இதுவே. 58 சென்டிமீட்டர் உருண்டை அது. வெறுங்கண்ணுக்கு எட்டுவது அரிது. "ஸ்புட்னிக்கைக் கண்டோம்" என்று மகிழ்ந்தோரில் பெரும்பாலோர் கண்டது, அதனை ஏற்றிச் சென்று உடன்சுற்றிய ராக்கெட்டின் உடலை!

அடையாளம் தெரியாத பொருள் என்கின்றனர். அதன் பொருள் என்ன? எமக்குத் தெரியவில்லை என்பதுதானே! நாணயமான சொல். அந்த நாணயத்தைத் தொலைக்காட்சியார் ஒரே இரவில் செலவழித்துவிடுகின்றனர். "தெரியவில்லை" என்பது "வேற்றுலகத்தார் வந்தனர்" என்றாகிவிடுகிறது. நிலவை நிழல் மறைத்தபோது ராகு விழுங்கினான் என்றார்களே, அந்தத் தாவலுக்கும் இந்தத் தாவலுக்கும் இடையே எத்தனை முழம்? அமெரிக்க வான்படை 1969 வரை 12,618 செய்திகளை ஆராய்ந்தது. 701 விளங்காமலே நின்றன. விளங்கவில்லை என்றே எழுதி வைத்தது. வேற்றுலக வாகனம் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை என்றும் எழுதியது.

குற்றாலத்து மலைத்தொடரின் தெற்கேதான் மகேந்திரகிரி. ராக்கெட் இயந்திரங்களைச் சோதிக்கும் இடம். குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28இல் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினர். அங்கிருந்து அந்தி வேளையில் ராக்கெட் கிளம்பினால், அதன் புகைவால் தென்காசி வானிலும் ஒளிரக்கூடும். அன்றைக்கு என்ன தலைப்பிடப் போகின்றன நம் ஏடுகள்?