மதுமீட்புக் கூட்டுறவின் ஆன்மிக வேர்கள்: ஒரு மறுநோக்கு

குடிப்பழக்கத்தினின்றும் மீள விழைவோர் ஒருவருக்கொருவர் துணையாய்க் கூடும் அமைப்புகளுள் மிகப் பெரியது, 1935 ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் தோன்றிய 'அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ்' என்னும் கூட்டுறவாகும். பெயர் வெளியிடாத குடிநோயாளர் என்பது அப்பெயரின் பொருள். அதனைப் பற்றி எழுதுவோர் இரு சாராராய்ப் பிரிந்து நிற்றலைக் காண்கிறோம். ஒரு சாரார் அதனை மாறுவேடம் பூண்ட கிறித்தவம் என்பர். மறுசாரார், சமயச் சொற்களைக் களைந்துவிட்டால் எஞ்சுவது பயனுள்ள உளவியலே என்பர். அதன் அடிப்படை நூலை ஒரு நூலாக வைத்துப் படியாமையின் விளைவே இவ்விரு கூற்றும் என்பது எமது கருத்து. 1939 இல் வெளிவந்த அந்நூலின் ஆன்மிகம் அதன் கோட்பாட்டிலும் பார்க்க அதன் மொழியமைப்பிலேயே தங்கியுள்ளது என்பதை இங்கு காட்ட முயல்வோம்.

முதலில் வரலாற்றை நோக்குவோம். அமெரிக்க லூத்தரன் போதகரான பிராங்க் புக்மன் தொடங்கிய இயக்கம் 1920களின் இறுதியிலிருந்து ஒக்ஸ்போர்ட் குழு என வழங்கலாயிற்று. குற்றங்களைப் பிறர்முன் அறிக்கையிடல், தீங்கிழைக்கப்பட்டோருக்கு ஈடுசெய்தல், மௌனத்திலே இறைவழிகாட்டலுக்குக் காத்திருத்தல் ஆகியன அதன் பயிற்சிகள். நேர்மை, தூய்மை, தன்னலமின்மை, அன்பு ஆகிய நான்கும் குறைவின்றி நிறைவேறவேண்டும் என அது வற்புறுத்திற்று. அக்குழுவின் துணையால் அவ்வேளை குடியை நிறுத்தியிருந்த எபி தாச்சர், 1934 நவம்பரில் தம் பழைய நண்பரான நியூயோர்க் பங்குத் தரகர் பில் வில்சனைக் கண்டு பேசினார். அடுத்த மாதம் மருத்துவமனையிலே வில்சனுக்கு ஓர் ஒளியனுபவம் வாய்த்தது. அதன் பொருளை அவருக்கு விளக்கியது, வில்லியம் ஜேம்ஸ் சமய அனுபவங்களின் வகைகளை ஆராய்ந்து 1902 இல் வெளியிட்ட நூலாகும்.

மறு ஆண்டு ஒஹையோ மாநிலத்து அக்ரன் நகரிலே வில்சன் அறுவை மருத்துவர் பொப் ஸ்மித்தைச் சந்தித்தார். ஸ்மித் ஏற்கெனவே ஒக்ஸ்போர்ட் குழுக் கூட்டங்களுக்குச் சென்றுவந்தவர். ஆயினும் குடியை விட்டாரல்லர். போதனையாற் கிட்டாதது, இன்னொரு குடிநோயாளர் தம் கதையைச் சொல்லக் கேட்டபோது கிட்டியது. ஸ்மித் இறுதியாகக் குடித்ததாகக் கொள்ளப்படும் 1935 யூன் 10 ஆம் நாளே கூட்டுறவின் தொடக்க நாளாக எண்ணப்படுகிறது. ஒரு சமய இயக்கத்தின் பயிற்சிகள் அப்படியே நிற்க, அவற்றைப் பேசும் குரல் மாறியமையே இங்கு நிகழ்ந்தது எனலாம்.

அக்குரல் மாற்றம் பன்னிரு படிகளின் இலக்கணத்திலே தெளிவாகப் புலப்படுகிறது. அறநெறி கூறும் நூல்கள் பெரும்பாலும் ஏவலும் விதியுமாகப் பேசுவன. இப்படிகளோ தன்மைப் பன்மையில், இறந்தகாலத்தில் அமைந்தவை. 'செய்க' என்று அவை கூறுவதில்லை. செய்து முடித்தோர் தாம் செய்ததைச் சொல்கின்றனர். நூல் அச்சேறுமுன் சுற்றுக்கு விடப்பட்ட கைப்பிரதியிலே கட்டளைத் தொனி மிகுந்திருந்தது. உளமருத்துவர் ஒருவரின் ஆலோசனையால் அது தணிக்கப்பட்டது. ஏழாம் படியிலிருந்த 'முழந்தாளிட்டு' என்ற பொருள்தரும் தொடரும் நீக்கப்பட்டது. கடவுளை அவரவர் விளங்கிக்கொண்டவாறு கொள்ளலாம் என்ற இடம்கொடுப்பு, கிறித்தவ நம்பிக்கையாளருக்கும் ஐயவாதிகளுக்கும் இடையே எழுந்த வாதத்தின் விளைவாகும். கோட்பாடு தளர்ந்த இடத்திலே சான்றுரை வலுப்பெற்றது.

இவ்விடத்தில் தமிழிலக்கணம் எமக்கு உதவுகின்றது. ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல்தான் உண்டு. எழுத்துத் தமிழில் கேட்போனை உட்படுத்தாத 'நாங்கள்' வேறு, அவனையும் உட்படுத்தும் 'நாம்' வேறு. முன்னுரையிலே மீண்டோர் நூற்றுவருக்கு மேற்பட்டோர் தம்மை அறிமுகம் செய்யும்போது கேட்பது 'நாங்கள்' என்னும் குரல். குடியோடு போராடும் ஒருவன் கூட்டத்தில் அமர்ந்து முதற் படியைத் தன் வாயாற் சொல்லும்போது அதுவே 'நாம்' ஆகிவிடுகிறது. இப்பெயர்வே அக்கூட்டுறவின் உண்மையான வழிபாடு என்று கருதுகிறோம். யுங் 1961 சனவரியில் வில்சனுக்கு எழுதிய கடிதமும் இதற்கு அரண் செய்கிறது. குடிவேட்கையை முழுமைக்கான ஆன்மதாகத்தின் கீழ்நிலை வடிவமாகக் கண்ட அவர், மெய்யான சமய உள்ளொளியோ மனிதக் கூட்டத்தின் காப்புச் சுவரோ இன்றி அத்தகையோர் அழிவுக்குத் தப்புதல் அரிது எனக் கருதினார்.

எனினும் நூலின் குறைகளை மறைத்தல் திறனாய்வாகாது. மனைவியருக்கென அமைந்த அத்தியாயம் மனைவியர் தாமே பேசுவதுபோல எழுதப்பட்டுள்ளது. அதனை எழுதியவரோ வில்சன். எழுத விரும்பிய லோயிஸ் வில்சனுக்கு அவ்வாய்ப்புத் தரப்படவில்லை. பிறர் சார்பில் எடுத்துக்கொண்ட 'நாங்கள்' சான்றுரையாகாது. நூலின் வலிமை எதுவோ அதுவே அவ்வத்தியாயத்திற் பொய்யாகிவிடுகிறது. 1951 இல் லோயிஸ் முதலியோர் அமைத்த அல்-அனன் குடும்பக் குழுக்களிலேதான் அக்குரல் உரியவரிடம் திரும்பிற்று. ஏற்கெனவே வலிமை மறுக்கப்பட்ட பெண்களைத் தம் வலுவின்மையை ஒப்புக்கொள்ளுமாறு கேட்பது தகுமா என்ற வினாவும் 1970களில் எழுந்தது. அவ்வினா நியாயமானது.

இரண்டாவது குறை சமூக நோக்குப் பற்றியது. மதுவிலக்கு 1933 இல் நீங்கிய நாட்டிலே, பொருளாதார மந்தத்தின் நடுவே எழுந்த இந்நூல், மதுவணிகத்தைப் பற்றியோ வேலையின்மையைப் பற்றியோ வாதிடவில்லை. குடிப்பவனின் குணக்குறைகளே அங்கு கணக்கெடுக்கப்படுகின்றன. இம்மௌனத்துக்கு ஒரு காரணமுண்டு. 1840 இல் பால்டிமோரிலே குடிகாரர் அறுவர் தொடங்கிய வாஷிங்டோனியன் இயக்கம் பேரளவில் வளர்ந்து, புறவிவகாரங்களிற் சிக்கிச் சில ஆண்டுகளிலேயே சிதைந்தது. 1950 இல் ஏற்கப்பட்ட பன்னிரு மரபுகள் புறவிடயங்களிற் கருத்துரைப்பதை விலக்கியமை அதனை ஒத்த அழிவினின்றும் கூட்டுறவைக் காத்தது. ஆயினும் ஒரு கூட்டுறவின் தற்காப்பு, சமூகம் முழுவதற்கும் போதிய விடையாகிவிடாது. குடிநோயாளனை மீட்பதும் குடிநோயை விளைக்கும் நிலைமைகளை மாற்றுவதும் வெவ்வேறு பணிகள். ஒன்று மற்றதற்கு ஈடன்று.

2020 இல் வெளிவந்த கொக்ரேன் மீளாய்வு, 10,565 பேரை உள்ளடக்கிய 27 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியது. இக்கூட்டுறவோடு ஒருவரை முறையாக இணைத்துவிடும் சிகிச்சைகள், தொடர்ந்து குடியாதிருத்தலைப் பொறுத்தவரை, ஏனைய பல சிகிச்சைகளிலும் பார்க்கச் சிறந்த பயன் தருவதை அது கண்டது. அப்பயன் கடவுள் நம்பிக்கையால் வந்ததா, கூடியிருத்தலால் வந்ததா என்று வினவுவோர் உளர். நூலைப் படித்த எமக்கு அவ்வினாவே பிழைபடப் பிரிக்கப்பட்டதாகத் தோன்றுகிறது. தன்னிலும் பெரிய ஒன்றைத் தனக்கு முன் வீழ்ந்து எழுந்தோரின் பன்மையிலே ஒருவன் முதன்முதலாகக் காண்கிறான். அதற்கு அவன் பின்னர் எப்பெயரும் இடலாம். கிறித்தவ மண்ணில் ஊன்றிய வேர் பிற மண்ணிலும் தழைத்தமைக்கு இதுவே காரணம் என்பது எமது முடிபு.