ஒட்டிய உலகம், வெட்டிய உலகம், நடுவில் ஒரு சத்திரம்

சில வருஷங்களுக்கு முன்னால் இதே இடத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். சாகச வீடியோ கேம்களில் உலகத்தைத் துண்டு துண்டாக வெட்டி வைப்பது சோம்பேறித்தனம், ஒரே நிலமாக ஒட்டி வைப்பதுதான் நேர்மை என்று. கொஞ்சம் சூடாகவே எழுதிவிட்டேன். அதில் பாதியை இப்போது வாபஸ் வாங்க வேண்டியிருக்கிறது.

காரணம் என் பையன். கோடை விடுமுறைக்குக் கனகம்மாசத்திரம் வீட்டுக்கு வந்திருந்தபோது கரண்ட் போன ஒரு மதியம். பொழுது போகணுமே என்று, "நீ விளையாடின கேமுக்கெல்லாம் மேப் வரைஞ்சு காட்டு, பார்க்கலாம்" என்றேன். 'ஸ்கைவர்ட் ஸ்வார்ட்' என்று எழுதி, தனித்தனியாக மூன்று வட்டம் போட்டான்: காடு, எரிமலை, பாலைவனம். மேலே ஒரு மேகம். வட்டங்களுக்கு நடுவே ஒரு கோடுகூட இல்லை. சரிதான், நான் திட்டியதும் அதைத்தானே. ஆனால் பாலைவன வட்டத்துக்குள் அவன் வரைய ஆரம்பித்ததும் பேனா நிற்கவில்லை. புதைமணல், தண்டவாளம், காலத்தைப் பின்னோக்கித் திருப்பும் நீலக் கற்கள் எங்கெங்கே இருக்கின்றன, எதை அடித்தால் எதுவரை பச்சை பரவும் என்று எல்லாம் ஞாபகம் வைத்திருந்தான். பிறகு 'ப்ரெத் ஆஃப் த வைல்ட்' வரையச் சொன்னேன். ஒட்டிய உலகத்துக்கு நான் காட்டிய உத்தமமான உதாரணம் அது. நூறு மணி நேரத்துக்கு மேல் விளையாடியிருக்கிறான். தாள் முழுக்கப் புள்ளிகள் வைத்தான். புள்ளிகளுக்கு நடுவே என்ன என்று கேட்டால், "அங்கே டெலிபோர்ட் ஆகிடலாம்பா" என்கிறான்.

இங்கே ஒரு சின்ன விளக்கம். குகை, கோட்டை, கோயில் என்று தனித்தனி இடங்களில்தான் சண்டையும் புதிரும் இருக்கும். அவற்றுக்கு வெளியே நாம் நடந்து திரியும் நிலத்தை ஓவர்வேர்ல்டு என்பார்கள். 1986-ல் வந்த முதல் செல்டாவில் அது 16-க்கு 8 என்று 128 திரைகள். ஒரு திரையின் ஓரத்துக்குப் போனால் அடுத்த திரை வழுக்கி வரும். மொத்த கேமும் 128 கேபி. தொழில்நுட்பப்படி பார்த்தால் அது வெட்டிய உலகம்தான். ஆனால் விளையாடியவர்கள் யாரும் அப்படி உணரவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு திரைக்கும் பக்கத்தில் எது என்று மனசில் இருந்தது.

அதனால் லோடிங் திரை வருகிறதா இல்லையா என்பதை விட்டுவிட்டேன். இப்போது என் அளவுகோல் வேறு: இந்த உலகத்தில் ஒருத்தருக்கு வழி சொல்ல முடியுமா?

எங்கள் ஊர் சென்னை-திருப்பதி சாலையில், திருவள்ளூருக்கும் திருத்தணிக்கும் நடுவில் இருக்கிறது. டீக்கடையில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் யாராவது ஒருத்தர் பைக்கை நிறுத்தி, திருவாலங்காட்டுக்கு எப்படிப் போகணும் என்று கேட்பார். கடைக்காரர் கிலோமீட்டர் சொல்லமாட்டார். ஒரு புளியமரம், ஒரு மதகு, ஒரு கல்யாண மண்டபம், அப்புறம் "அங்க யாரையாவது கேளுங்க". வழி என்பது நடுவில் இருக்கிற சாமான்களின் வரிசை. நடுவில் ஒன்றும் இல்லையென்றால் வழியும் இல்லை, தூரம் மட்டும்தான்.

2002-ல் வந்த 'விண்ட் வேக்கர்' இதில் ஒரு விசித்திரம். 7-க்கு 7 கட்டம் போட்ட கடல், கட்டத்துக்கு ஒரு தீவு. கடல் நீளம், பயணம் சலிப்பு என்று அப்போதே திட்டினார்கள், நானும் திட்டினேன். அடுத்த தீவை வட்டிலிருந்து ஏற்றுவதற்கு அந்த நீளம் அவகாசம் கொடுத்தது என்பது எங்களைப் போன்ற சாப்ட்வேர் ஆட்களுக்குத் தெரிந்த பழைய தந்திரம். ஆனாலும் அங்கே என்னால் இன்றைக்கும் வழி சொல்ல முடியும். விண்ட்ஃபாலிலிருந்து கிழக்கே போ, முதலில் பாதச்சுவடு தீவு வரும், அதைத் தாண்டினால் டிராகன் ரூஸ்ட். இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் மறக்கவில்லை.

'டார்க் சோல்ஸ்' (2011) இன்னும் கெட்டிக்காரத்தனம். மணிக்கணக்காக அடிபட்டு, உதைபட்டு மேலே ஏறுகிறோம். பாழடைந்த தேவாலயத்தில் ஒரு லிஃப்ட். அதில் இறங்கினால் நாம் கிளம்பிய ஃபயர்லிங்க் நெருப்பருகே வந்து நிற்கும். திருத்தணி மலையில் 365 படி ஏறிப் போனவனுக்கு, பின்பக்கத்து ரோட்டில் கார்கள் ஜாலியாக மேலே வந்து நிற்பதைப் பார்த்தால் என்ன தோன்றுமோ அதேதான். கோபமும் சந்தோஷமும் ஒன்றாக வரும். முக்கியமாக, கேமின் முதல் பாதியில் டெலிபோர்ட் வசதியே கிடையாது. கால்தான். அதனால்தான் அந்த லிஃப்டுக்கு அவ்வளவு மதிப்பு.

'ஸ்கைவர்ட் ஸ்வார்ட்' மீது இப்போதும் எனக்குள்ள புகார் அதன் நிலம் வெட்டப்பட்டது என்பதல்ல. ஒவ்வொரு துண்டும் ஒரு கோட்டைக்குள் இருக்கிற அளவுக்கு நெருக்கமாகச் செதுக்கப்பட்டது, அதை முன்பு ஒப்புக்கொள்ளாதது என் தப்பு. குறை அந்த வானத்தில். காட்டுக்கும் எரிமலைக்கும் நடுவே பறவைமேல் பறந்தே ஆகவேண்டும், பறக்கிற இடத்தில் ஆள் நடமாட்டம் அபூர்வம். பேர் சொல்லும்படி ஒரு பூசணிக்காய் விடுதி இருக்கிறது, அங்கே சூப் கிடைக்கும். நான் தேவையே இல்லாமல் அங்கே பலமுறை இறங்கியிருக்கிறேன்.

அங்கேதான் எனக்குப் பிடிபட்டது. ஊர்ப் பேரிலேயே சத்திரத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு நாள் தோன்றாமல் போனது வெட்கம்தான்! சத்திரம் என்பது போகவேண்டிய இடம் அல்ல. போகிறவன் தங்குகிற இடம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து நடந்து போகிறவர்களுக்குத் திருத்தணிதான் ஊர், மற்றதெல்லாம் திண்ணையும் தண்ணீர்ப் பந்தலும். ஆனால் அந்தத் திண்ணைகள்தான் சாலையைச் சாலையாக வைத்திருக்கின்றன. 'ப்ரெத் ஆஃப் த வைல்ட்' செய்தவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. வழியெங்கும் குதிரை லாயங்கள்: படுக்க இடம், வெளியே அடுப்பும் பாத்திரமும், நாலு வழிப்போக்கர்கள், ஒரு வதந்தி. அச்சு அசல் சத்திரம். பிறகு ஒவ்வொரு லாயத்துக்கும் பக்கத்திலேயே ஒரு டெலிபோர்ட் கோயிலையும் கட்டி, தாங்கள் போட்ட சாலையைத் தாங்களே காலி செய்துவிட்டார்கள். என் பையனின் புள்ளிகள் அங்கிருந்து வந்தவைதான்.

நம் நாட்டு நிலத்துக்கு வருவோம். புனேயின் நாடிங் ஹெட்ஸ் 2020-ல் வெளியிட்ட 'ராஜி' பார்க்க அவ்வளவு அழகு. தம்பியைத் தேடிப் போகும் பெண், ராஜஸ்தானச் சாயல் கொண்ட கோட்டைகள். ஆனால் அது ஒருவழிச் சாலை. கடந்தால் கடந்ததுதான், மண்டபம் மாறி மண்டபம். சின்னக் குழு, அவர்களிடம் ஓவர்வேர்ல்டு கேட்பது நியாயமில்லை, விட்டுவிடுகிறேன்.

'அன்சார்டட்: த லாஸ்ட் லெகசி' (2017) விஷயம் வேறு. பெரிய நிறுவனம், பெரிய பணம். அந்தத் தொடரின் வழக்கமே அத்தியாயம் அத்தியாயமாக வெட்டுவது. ஆனால் இதில் நான்காவது அத்தியாயத்தை மட்டும் மேற்குத் தொடர்ச்சி மலை என்று ஒரே திறந்த நிலமாக வைத்தார்கள். ஜீப் கையில். நடுவில் ஒரு கோபுரம், அதில் ஏறினால் கோட்டைகள் தெரியும், எந்த வரிசையிலும் போகலாம். கதாநாயகி க்ளோயி தாள் வரைபடத்தில் பேனாவால் குறித்துக்கொண்டே வருவாள். ஹொய்சள வில்லைகள் 11, விருப்பம் இருந்தால் தேடலாம். பையன் அன்றைக்கு நன்றாக வரைந்த இன்னொரு மேப் இதுதான், எந்தப் பள்ளத்தில் ஜீப் மாட்டும் என்பது உட்பட.

இருந்தும் அந்தத் தாளில் ஏதோ குறைந்தது. மனுஷன் இல்லை. அந்த மலையில் நிற்பவர்கள் எல்லாம் துப்பாக்கியோடு நிற்கும் எதிரிகள். வழி கேட்க ஆள் இல்லை, டீ இல்லை, சாலையோரக் கோயிலில் விளக்கு இல்லை. ஹளேபீடும் பேலூரும் இந்த கேமில் காட்டுக்குள் தொலைந்துபோன இடிபாடுகள். நிஜத்தில் பேலூர் சென்னகேசவர் கோயிலில் இன்றைக்கும் பூஜை நடக்கிறது, வாசலில் செருப்பு விடும் இடத்தில் கூட்டம் நெருக்கும். நம் நிலத்தை எடுத்தால் உடனே அதைப் பாழாக்கிப் பார்ப்பதுதான் வழக்கமாகிவிட்டது. ஜனம் இருக்கிற நிலத்தில் ஒரு சாகசத்தை வைப்பது கஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் சாலையையே பாருங்கள். 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. வரைபடத்தில் கோடு நகர்ந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து காதைத் தீட்டினால் அந்தக் கோடு எங்கே என்று சொல்லமுடியாது. எல்லைக்கு வெகு முன்னாலேயே பின்சீட்டில் தெலுங்கு ஆரம்பித்துவிடும், எல்லை தாண்டி நகரியிலும் தமிழ் கேட்கும். எந்த ஓவர்வேர்ல்டிலும் இப்படி ஒரு கலங்கலான எல்லையை நான் பார்த்ததில்லை. புதுப் பிரதேசத்துக்குள் கால் வைத்ததும் திரையில் அதன் பேர் பெரிசாக வரும், இசை மாறும், அவ்வளவுதான்.

ஹளேபீடிலிருந்து பேலூருக்கு நிஜத்தில் ஏறக்குறைய 16 கிலோமீட்டர். பஸ் போகிறது. அந்த 16 கிலோமீட்டரை யாராவது கேமாகச் செய்தால், லோடிங் திரை பத்து வந்தாலும் நான் வாங்குவேன்.