6 எச்.பி. ஆயில் இன்ஜின்: வயலுக்கு வேண்டாம், காதுக்கு வேண்டும்

மானாம்பதிப் பக்கம் கிணற்றுப் பாசனம் என்றால் இன்றைக்கு மோட்டார்தான். மும்முனை மின்சாரம் வரும் நேரம் தெரிந்தால் போதும், சுவிட்சைத் தட்டிவிட்டு மடை திருப்பப் போகலாம். விவசாய இணைப்புக்குக் கட்டணமும் இல்லை. இருந்தும், கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த ஆயில் இன்ஜினைச் சரிசெய்து, சில வாரங்களாக என் காசில் டீசல் ஊற்றி ஓட்டுகிறேன். வரப்பில் வழுக்கிக்கொண்டே மடை வெட்டுவதும் அடைப்பதும் எனக்கு என்றுமே பிடித்ததில்லை. இன்ஜின் ஓடினால் பக்கத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும். அந்த ஆள் நான். "டேய், கரண்டு வந்து அரை மணி நேரமாச்சு, அதை நிறுத்திட்டு மடையைப் பாருடா" என்று பெரியப்பா கத்துவது, நல்லவேளையாக, இந்தச் சத்தத்தில் கேட்பதில்லை.

இது லிஸ்டர் வகை. மூல இன்ஜினை இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற ஊரிலிருந்த ஆர்.ஏ. லிஸ்டர் நிறுவனம் 1930 வாக்கில் கொண்டுவந்தது. அதன் அச்சிலேயே ராஜ்கோட் போன்ற ஊர்களின் பட்டறைகள் வார்த்துத் தள்ளிய இன்ஜின்கள் நம் கிணற்று மேடுகளுக்கும் வந்தன. என்னுடையது எந்தப் பட்டறையுடையது என்று தெரியாது, பெயர்த் தகடு போய்விட்டது. ஒற்றை சிலிண்டர், இரண்டு பக்கமும் பிளைவீல், 300 கிலோவுக்கு மேல் எடை. மற்ற கணக்கையெல்லாம் பழைய மெக்கானிக் யாரைக் கேட்டாலும் சொல்வார்.

இதன் சுகமே வேகக் குறைவில்தான் இருக்கிறது. நிமிடத்துக்கு 650 சுற்று. இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் டீசல் வெடிக்கும். ஒவ்வொரு வெடிப்பும் ஓர் அடியாகக் கேட்கும், விநாடிக்கு ஐந்து சொச்சம். காது ஒவ்வொன்றையும் தனியாகப் பிரித்துக் கேட்கும். இப்போது கையில் தூக்கிப் போகும் சின்ன இன்ஜின்கள் 3000 சுற்றில் ஓடுகின்றன. விநாடிக்கு 25 வெடிப்பு, காதில் விழுவது வெறும் இரைச்சல்.

அடி தனித்தனியாகக் கேட்பதால் இன்ஜினின் பாரம் புரிகிறது. பம்பு முழுத் தண்ணீர் பிடிக்கும்போது அடி கனத்து விழும். கிணற்றில் தண்ணீர் இறங்கி ஃபுட் வால்வு காற்றை இழுத்தால், இன்ஜின் ஒரு கணம் துள்ளும். உடனே கவர்னர் டீசலைக் குறைக்க, அடி மெலியும். கிணற்றை எட்டிப் பார்க்கவே வேண்டாம்.

ஸ்டார்ட் செய்வதும் ஒரு வேலைதான். ஃபுட் வால்வு கசிந்தால் சாணியைக் கரைத்துப் பைப்பில் ஊற்றிப் பம்பை நிரப்ப வேண்டும். டீசல் லைனில் ஏர் எடுக்க வேண்டும். பிறகு எக்ஸாஸ்ட் வால்வைத் தூக்கிவிடும் லிவரைப் போட்டு, ஹேண்டிலைச் சுற்றி, பிளைவீல் நல்ல வேகம் பிடித்ததும் லிவரை விட வேண்டும். வேகம் போதாமல் விட்டால் இன்ஜின் பின்பக்கம் உதறும். அதனால் கட்டை விரலை ஹேண்டிலைச் சுற்றிப் பிடிக்காமல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். ஹேண்டில் மாட்டும் இடத்தில் கிரீஸ் இல்லையென்றால் அது கழலாமல் தண்டோடு சேர்ந்து சுழலும். பக்கத்தில் நிற்கவே முடியாது.

எரிச்சல்களும் உண்டு. பிளைவீலுக்கும் பெல்ட்டுக்கும் மறைப்பே கிடையாது. வேட்டி, புடவைத் தலைப்பு, துண்டு எல்லாம் தள்ளியே இருக்க வேண்டும். இந்திய நகல்களில் பிளைவீல் சரியாகச் சமன் செய்யப்படாதவை நிறைய. கான்கிரீட் மேடையில் போல்ட் இறுக்காவிட்டால் இன்ஜின் நகரத் தொடங்கும். கிராங்க் கேஸின் உள்ளே வார்ப்பு மணல் தங்கியிருக்கும், கழற்றித் துடைக்காமல் ஓட்டக் கூடாது. எனக்கு ஆகவே ஆகாதது ஒன்று: கூலிங் பைப்பை முழுக்கத் திறந்து கிணற்றுத் தண்ணீரைச் சில்லென்று விடுவது. இன்ஜின் குளிர்ந்தால் டீசல் முழுக்க எரியாது, சிலிண்டர் தேயும். வெளியே வரும் தண்ணீர் கை பொறுக்கும் சூட்டில் இருக்கட்டும்.

முழுப் பாரத்தில் மணிக்கு ஏறத்தாழ ஒன்றேகால் லிட்டர் டீசல் குடிக்கும். இலவச மின்சாரத்துக்கு எதிரே இதற்கு நியாயம் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் பழைய இயந்திரத்தை ரசிக்க நியாயம் தேவையில்லை. டர்ஸ்லி இருக்கும் அதே கிளாஸ்டர்ஷயர்காரர் எட்வின் பட்டிங்தான் 1830-இல் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கியவர். இன்று இங்கிலாந்தின் சவுத்போர்ட் நகரில் பழைய புல்வெட்டிகளுக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் யாரும் புல் வெட்டப் போகவில்லை.

என் தீர்ப்பு இதுதான்: கரண்டு இணைப்பு இருப்பவர்கள் பாசனத்துக்காக இதை வாங்காதீர்கள். ஆனால் உங்கள் கொட்டகையில் ஒன்று கிடந்தால், காயலான் கடைக்குக் கிலோ கணக்கில் போடுவதற்கு முன் லிவரைத் தூக்கிவிட்டுப் பிளைவீலைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால், பெரும்பாலும் அது இன்னும் ஓடும்.