உறுமிக்கு 2048 புள்ளிகள் போதுமா?

என் மடிக்கணினியில் இருக்கும் ஓர் ஒலித் தொகுப்பில் ‘எத்னிக்’ என்றொரு கோப்புறை உண்டு. திறந்தால் ஆப்பிரிக்க முரசு, ஜப்பானிய முரசு, ‘இந்தியன்’ என்ற பெயரில் சித்தாரும் தபேலாவும். இன்னும் கீழே போனால் ‘ட்ரைபல்’. அங்கேதான் நம்ம தப்பு மாதிரி ஒன்று கிடந்தது. யார் அடித்தது, எந்த ஊரில் அடித்தது, எந்தக் குறிப்பும் இல்லை. பெயர், ‘ட்ரைபல் ஹிட் 07’. கடந்த இரண்டு வருடங்களில் நண்பர்களுக்காக நான் செய்து கொடுத்த நான்கு பாடல்களில் அந்த 07 இருக்கிறது. அதனால் இந்த விமர்சனத்தை என்னிடமிருந்தே தொடங்குகிறேன்.

நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் படித்தவன். ஆயர் குரோ பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. இரவில் பாடல்களுக்கு ஒலி செய்து கொடுப்பேன். போன வருடம் உறுமியின் ஒலியை வேவ்டேபிளாக மாற்ற முயன்று தோற்றேன். அந்தத் தோல்வியிலிருந்து நம் பாடல்களைப் பற்றிச் சிலது புரிந்தது. நம் கதைகளைப் பற்றியும்தான்.

வேவ்டேபிள் என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். நாயனக்காரர் ஒரே ஸ்வரத்தை அசையாமல் பிடித்து நின்றால், காற்றில் ஓர் அலை வடிவம் விநாடிக்குச் சில நூறு முறை திரும்பத் திரும்ப வருகிறது. அதில் ஒரே ஒரு சுழற்சியை வெட்டி எடுத்துக் கணினியில் சுழலவிட்டால், ஏறக்குறைய அதே குரல் கேட்கும். வேகமாகச் சுழற்றினால் சுருதி ஏறும், மெதுவாகச் சுழற்றினால் இறங்கும். இப்படிப் பல சுழற்சிகளை வரிசையாக அடுக்கி, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போகும்படி செய்தால் அது வேவ்டேபிள். 1970களின் இறுதியில் ஜெர்மனியின் வொல்ஃப்காங் பால்ம் தன் பிபிஜி கருவிகளில் இதைக் கொண்டுவந்தார். இன்று 2014இல் வந்த ஸீரமும், 2020இல் இலவசப் பதிப்போடு வந்த வைட்டலும் இதை எங்களைப் போன்றவர்களின் படுக்கையறை வரை கொண்டுவந்துவிட்டன. ஸீரமில் ஒரு சுழற்சிக்கு 2048 புள்ளிகள், அதிகபட்சம் 256 சுழற்சிகள். அத்தனையையும் ஒன்றன்பின் ஒன்றாக விநாடிக்கு 44,100 புள்ளிகள் என்ற வேகத்தில் ஓடவிட்டால் 12 விநாடிகூட வராது.

வேலை இப்படிப் போகும். எதிரொலி இல்லாத இடத்தில் ஒரே கருவி, ஒரே ஸ்வரம். 294 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தை 48,000 வேகத்தில் பதிந்தால் ஒரு சுழற்சிக்கு ஏறக்குறைய 163 புள்ளிகள் கிடைக்கும். அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ‘டிக்’ என்று கேட்கும். அந்த 163ஐ 2048ஆக நீட்ட வேண்டும். பிறகு எல்லாச் சுழற்சிகளையும் கட்டம் பார்த்து ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். பொருத்தாவிட்டால் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும்போது ஒலி நடுவில் மெலிந்து போகும். கடைசியில் எல்லாவற்றின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

இதில் ஒரு வரியை நான் பல மாதங்கள் கவனிக்காமலேயே கடந்திருக்கிறேன். 163 புள்ளி இருந்தாலும் 2048, அடுத்த சுழற்சியில் 158 இருந்தாலும் 2048. அந்த 163க்கும் 158க்கும் உள்ள வித்தியாசம்தான் சுருதியின் அசைவு. கமகம் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. ஆக, நாயனத்தை வேவ்டேபிளாக்கும்போது முதல் வேலையாகக் கமகத்தைத் துடைத்து எறிந்துவிடுகிறோம். பிறகு எல்எஃப்ஓ என்ற ஒன்றை வைத்து ஒரே சீராக ஆட்டி, “பார், எவ்வளவு கர்நாடகமா இருக்கு” என்கிறோம். இன்னொரு இழப்பு மூச்சு. சீவாளியில் கசியும் காற்றின் இரைச்சல் எந்த இரண்டு சுழற்சியிலும் ஒன்றாக இருக்காது. அதைச் சுழலவிட்டால் இரைச்சலும் ஒரு ஸ்வரமாகிவிடும், தகரத்தில் கீறியது மாதிரி.

தோற்கருவிக்கு வந்தால் சிக்கல் வேறு. சி.வி. ராமன் 1920இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து நேச்சர் இதழில் எழுதிய குறிப்பும், 1934இல் எழுதிய நீண்ட கட்டுரையும் இங்கே உதவும். சாதாரணத் தோலில் எழும் மேலொலிகள் அடிப்படை ஒலியின் முழு எண் மடங்குகளாக இருப்பதில்லை. 1.59, 2.14, 2.30 என்று கோணல்மாணலாகப் போகும். மிருதங்கத்தின் வலந்தலையில் இருக்கும் கரணை அவற்றை 1, 2, 3, 4, 5 என்று ஒழுங்குபடுத்துகிறது என்று ராமன் காட்டினார். வேவ்டேபிளுக்கோ முழு எண் மடங்குகளைத் தவிர வேறு எதுவும் தெரியாது. ஒரு சுழற்சிக்குள் 1.59 தடவை ஓடும் அலையை அடைக்க இடமில்லை. அதனால் மிருதங்கத்தை அது ஓரளவு ஏற்றுக்கொள்ளும், தப்பை ஏற்காது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆனால் சபையில் உட்கார்ந்த வாத்தியத்துக்கு உள்ளே இடமும், சாவு வீட்டு வாசலில் நின்ற வாத்தியத்துக்கு வெளியே இடமும் கணிதத்திலும் அமைந்துவிட்டதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உறுமிக்காக ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனேன். என் பாட்டி பால்மரம் வெட்டிய தோட்டம். 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்ட மாநிலம் இது. இப்போது அந்தத் தோட்டத்தில் கண்ணுக்கு எட்டியவரை செம்பனைதான். லயத்தில் ஆறு குடும்பங்கள் மிச்சம். மற்றவர்கள் தாமான் வீடுகளுக்குப் போய்விட்டு, முனீஸ்வரன் கோயில் திருவிழாவுக்கு மட்டும் காரில் வருகிறார்கள். உறுமி வாசிக்கும் அண்ணன் பகலில் லோரி ஓட்டுபவர். செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயில் மாசி மகத்துக்கும் காவடிகளோடு வாசித்துப் போவாராம்.

“தனியா வாசிங்கண்ணே” என்றேன்.

“தனியாவா? பம்பை இல்லாம எப்படிடா?”

கோயிலுக்குப் பின்னால் பழைய ஸ்டோர் கொட்டகையில் போர்வைகளைத் தொங்கவிட்டு மைக்கை வைத்தேன். உறுமியின் ஒரு முகத்தை நேர்க்குச்சியால் தட்டுவார்கள், மறுமுகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில்தான் உறுமல் வருகிறது. “ஒரே சுருதியில நிறுத்துங்கண்ணே” என்று கேட்டேன். அவர் முயன்றார். குச்சி நகர நகரச் சுருதியும் நகர்ந்தது. நாற்பது நிமிடம் பதிந்தோம். கடைசியில் அவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார், “தம்பி, நின்னா அது உறுமி இல்ல.”

வீட்டுக்கு வந்து, கிடைத்ததை வெட்டி, நீட்டி, பொருத்தி 256 சுழற்சிகள் கொண்ட ஒரு டேபிள் செய்தேன். கேட்க நன்றாகவே இருந்தது. கனமான ஒரு பாஸ். நண்பன் துள்ளிக் குதித்தான். அண்ணனுக்கு வாட்சாப்பில் அனுப்பினேன். பதில் குரல் பதிவாக வந்தது: “நல்லாருக்கு. ஆனா இது யாருது?”

அந்தக் கேள்வியிலிருந்துதான் நம் பாடல்களைப் பார்க்கத் தோன்றியது. 2006இல் யோகி பியும் நட்சத்திராவும் ‘வல்லவன்’ தொகுப்பில் ‘மடை திறந்து’ பாடலை எடுத்தாண்டார்கள். 1980இல் ‘நிழல்கள்’ படத்துக்கு இளையராஜா செய்தது அது. கேட்கும் எவருக்கும் எங்கிருந்து வந்தது என்று தெரியும். மேற்கோள் குறியோடு எழுதிய வரி மாதிரி. மரியாதையும் உரிமைச் சண்டையும் இரண்டும் சாத்தியமாவது, மூலம் காதில் கேட்பதால்தான். வேவ்டேபிளில் மூலம் கேட்காது. ஜாசின் கொட்டகையில் வாசித்தவரின் மணிக்கட்டு என் நண்பனின் பாட்டில் வெறும் ‘பாஸ்’. இன்று நம் பையன்கள் செய்யும் பாடல்கள் பலவற்றில் ‘மண் வாசனை’ இந்த வகைதான். காணொளியில் உறுமிக்காரர்கள் ஆடுவார்கள். ஒலித்தடத்தில் ‘ட்ரைபல் ஹிட்’ அடிக்கும். படத்துக்கு அவர்கள் வேண்டும், ஒலிக்கு வேண்டாம்.

நண்பன் மறுக்கிறான். “சிந்தசைசர் எதுக்குடா? இல்லாத சத்தத்த உண்டாக்கத்தானே. ஒரிஜினல் வேணும்னா கோயிலுக்குப் போ.” அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா கணினியை வைத்து இசையமைத்தபோது, அது எந்த வாத்தியத்தையும் போலி செய்வதற்காக அல்ல. புதிய ஒலி செய், தப்பில்லை. அதற்கு ‘உறுமி’ என்று பெயர் வைக்காதே என்பதுதான் என் வாதம். பெயர் வைத்தால் அந்தப் பெயருக்குக் கணக்கு காட்ட வேண்டும்.

இதைக் கதைகளுக்கும் சொல்வேன். மூன்று வருடங்களுக்கு முன் நானும் ஒரு தோட்டத்துக் கதை எழுதினேன். லயம், கங்காணி, பெரட்டு மணி, பால்வாளி, குடிகார அப்பா, மழை. பாட்டியிடம் கேட்டுப் பதிந்ததில் ஒவ்வொன்றிலும் ஒரு சுழற்சியை வெட்டி ஒரே அளவுக்கு நீட்டியிருந்தேன். பாட்டியின் பேச்சில் இருந்த தாவல், கங்காணியைத் திட்டிக்கொண்டே அவர் மனைவியைப் புகழ்ந்தது, கேட்காததற்குப் பதில் சொன்னது, எல்லாம் ‘பொருந்தவில்லை’ என்று வெட்டிவிட்டேன். போட்டியில் ஆறுதல் பரிசு கிடைத்தது. நடுவர்களுக்கும் அந்த ஒலி பழக்கமானதுதானே. தோட்டத்தைப் பார்க்காத என் தலைமுறை எழுதும் தோட்டத்துக் கதைகளில் பெரும்பகுதி இப்படிப்பட்ட ப்ரீசெட் என்றே எனக்குப் படுகிறது. சோகம் சரியாக இருக்கும், ஆள் இருக்க மாட்டார்.

உறுமிக்குத் திரும்புகிறேன். பழைய டேபிளை அழித்துவிட்டு வேறு வழியில் முயன்றேன். சுழற்சிகளை 2048ஆக நீட்டும் முன், ஒவ்வொன்றின் உண்மையான நீளத்தையும் தனியாக எழுதி வைத்தேன். அந்த எண்களிலிருந்து சுருதியின் ஏற்ற இறக்கத்தை வரைந்து, சிந்தசைசரில் வளைகோடாக ஏற்றினேன். ஏழு தேய்ப்புகளுக்கு ஏழு வெவ்வேறு வளைகோடுகள். தேய்ப்பின் இரைச்சலை டேபிளில் சேர்க்காமல் மூலப் பதிவிலிருந்து தனித் தடமாகப் பக்கத்தில் ஓடவிட்டேன். மூன்று வார இரவுகள். முழுதாக வரவில்லை. அடுத்த அடிக்கு ஏற்றபடி இந்தத் தேய்ப்பு மாறுவதை இதுவும் செய்யாது.

கோப்புறைக்கு அண்ணனின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் வைத்தேன். பாடலுக்கு வரும் பணத்தில் அவருக்கு ஒரு பங்கு என்று நண்பனிடம் எழுதி வாங்கினேன். அவன் கொஞ்சம் முறைத்தான், பிறகு கையெழுத்துப் போட்டான். புதியதை அண்ணனிடம் நேரிலேயே போட்டுக் காட்டினேன். லோரியில் உட்கார்ந்தபடி இரண்டு முறை கேட்டார்.

“மூணாவது தேய்ப்பு எனக்குத் தெரியுது. மத்ததெல்லாம் எவனோ.”

பிறகு, “அடுத்த தடவ பம்பக்காரனையும் கூப்பிடு” என்றார்.

ஏழில் ஒன்று. வைகாசித் திருவிழாவுக்குள் இன்னொரு மைக் வாங்க வேண்டும்.