ஆவணத்துக்குள் அடைபட்ட ஒலி: லிப்ரெஆபிஸ் ரைட்டர் எங்கே கைவிடுகிறது?

லிப்ரெஆபிஸ் ரைட்டரைப் பற்றிப் பொதுவாகச் சொல்ல வேண்டியவை எல்லாருக்கும் தெரிந்தவைதான். காசு கேட்பதில்லை, பழைய கணினியிலும் ஓடும், யூனிகோடு தமிழை ஒழுங்காகக் காட்டும். ஆய்வேட்டுக்கு வேண்டிய அடிக்குறிப்பு, பொருளடக்கம், பக்க எண் எல்லாம் அதில் உண்டு. வாரக்கணக்கில் அதிலேயே புழங்கினாலும் எழுதுகிறவருக்குப் பெரிய குறை தட்டுப்படாது. இந்த விமர்சனம் ஒரே ஒரு இடத்தைப் பற்றியது. வேர்டில் தயாரித்த டாக்எக்ஸ் ஆவணத்துக்குள் ஒருவர் ஒலிப்பதிவை வைத்து அனுப்புகிறார். ரைட்டரில் திறந்தால் எழுத்து வருகிறது, அட்டவணை வருகிறது, ஒலி இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு சின்னப் படமும் கீழே கோப்பின் பெயரும் நிற்கின்றன. இரட்டைச் சொடுக்குப் போட்டால், லினக்ஸ் கணினியில் பெரும்பாலும் பாட்டு எழுவதில்லை. பதிப்பைப் பொறுத்து ‘பொது ஓஎல்இ பிழை’ என்று ஒரு பெட்டி வரும், அல்லது ஒன்றுமே நடக்காது. பதிவு அழிந்துவிட்டதா, அனுப்பியவர் வைக்கவே மறந்தாரா, மென்பொருளுக்குத் திறக்கத் தெரியவில்லையா என்று பயனருக்குத் தெரிய வழியே இல்லை.

ஆவணத்துக்குள் ஒலியை யார் வைக்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். சிதம்பரத்தில் அந்தக் கேள்விக்கு விடை எளிது. 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைக்கும் மொழியியலுக்கும் தனித் துறைகள் உண்டு. தமிழிசை இயக்கத்தின் 1941 மாநாடு கூடியது அண்ணாமலை நகரில். அதைத் தொடர்ந்து தமிழ்ப் பாடல்களைச் சுர தாளக் குறிப்போடு அச்சிட்டு வெளியிட்டதும் அந்தப் பல்கலைக்கழகமே. அன்று அச்சுக்கு எட்டியது சுரக்குறிப்பு வரைதான். இன்று அதே குறிப்பின் பக்கத்திலேயே ஓதுவார் பாடிய பதிவை வைக்க முடியும். கடலூர் முதுநகரிலோ கிள்ளையிலோ பரங்கிப்பேட்டையிலோ மீனவர் பேச்சைப் பதிவு செய்கிற மொழியியல் மாணவருக்கும் ஒலிதான் சான்று. எழுத்துப்பெயர்ப்பு அதன் நிழல் மட்டுமே. எழுத்தும் ஒலியும் பிரிந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லும் கதையும் இந்தக் கடலூர் மாவட்டத்தினுடையதுதான். தில்லையில் கரையான் அரித்தது போக மிஞ்சிய ஏடுகளில் தேவாரப் பாடல்கள் கிடைத்தன, ஆனால் பண் கிடைக்கவில்லை. விருத்தாசலம் பக்கத்து எருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணிடமிருந்தே பண்முறை மீண்டது என்கிறது திருமுறை கண்ட புராணம். வரலாறாகக் கொள்வதா புராணமாகக் கொள்வதா என்பது அவரவர் விருப்பம். பாட்டின் பக்கத்திலேயே அதன் ஒலி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல வாதம் எனக்குத் தெரியவில்லை.

குற்றம் யாருடையது என்று பார்க்க ஆவணத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். டாக்எக்ஸ் என்பது உண்மையில் ஒரு ஜிப் கோப்பு. பெயரின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே எழுத்துக்கு ஒரு எக்ஸ்எம்எல் கோப்பும் படங்களுக்கு ‘மீடியா’ என்ற அடைவும் தெரியும். வேர்டில் ‘ஆப்ஜெக்ட்’ வழியாகச் செருகிய ஒலிப்பதிவு அந்த மீடியா அடைவில் இருக்காது. ‘எம்பெடிங்ஸ்’ என்ற இன்னொரு அடைவில், ‘ஓஎல்இஆப்ஜெக்ட்’ என்ற பெயரும் ‘பின்’ என்ற பின்னொட்டும் கொண்ட கோப்புக்குள் பொட்டலமாகக் கிடக்கும். இது விண்டோஸ் 3.1 காலத்து ஆப்ஜெக்ட் பேக்கேஜர் விட்டுப்போன பழக்கம். டாக்எக்ஸ் வடிவம் 2008-ல் ஐஎஸ்ஓ தரமாக ஏற்கப்பட்டது. ஆனால் அந்தத் தரம் இப்படிப்பட்ட பொட்டலங்களுக்கு இடம் மட்டுமே ஒதுக்குகிறது, பொட்டலத்துக்குள் எது எப்படி இருக்க வேண்டும் என்று வரையறுப்பதில்லை. திறந்த தரம் என்று பெயர் வாங்கிய வீட்டுக்குள் ஒரு மூடிய அறை இருக்கிறது, அதன் சாவி விண்டோஸிடம் இருக்கிறது. அதே ரைட்டரை விண்டோஸில் நிறுவினால் பொட்டலம் பிரிந்து பாட வாய்ப்பு உண்டு, பிரிக்கும் வேலையை விண்டோஸே பார்த்துக்கொள்வதால். லினக்ஸில் அந்தத் துணை கிடையாது. வேர்டில் ‘ஆன்லைன் வீடியோ’ என்று செருகுவது வேறு கதை. அங்கே காணொளியே ஆவணத்துக்குள் வருவதில்லை. ஒரு முகப்புப் படமும் இணையத்திலிருந்து எடுத்துக் காட்டுவதற்கான நிரல்வரியும் மட்டும் இருக்கும்.

ஆக, பாதிக் குற்றம் பொட்டலத்தினுடையது. தமிழருக்கு இது புதிய அனுபவமும் இல்லை. பாமினியிலும் வானவில்லிலும் தட்டச்சு செய்த ஆயிரக்கணக்கான ஆவணங்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கிறுக்கலாகத் தெரிந்த காலம் ஒன்று இருந்தது. உரை கோப்புக்குள்தான் இருந்தது, படிக்கத்தான் வழியில்லை. 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணை இட்ட பிறகும் டிடிபி கடைகளில் அந்தப் பழக்கம் மெல்லத்தான் தேய்ந்தது. எழுத்துக்கு நேர்ந்த அதே கதி இப்போது ஒலிக்கு நேர்கிறது. ஆனால் மீதிப் பாதிக் குற்றத்தை ரைட்டர் ஏற்கத்தான் வேண்டும். பாட முடியாவிட்டால் போகட்டும். ‘இங்கே ஒரு ஒலிக் கோப்பு இருக்கிறது, வெளியே எடுத்து வைக்கட்டுமா’ என்று கேட்பதில் என்ன சிரமம்? கோப்பின் பெயர் பொட்டலத்துக்குள்ளேயே எழுதியிருக்கிறது. அதை வாசித்துச் சொல்ல விண்டோஸ் தேவையில்லை. ‘பொது ஓஎல்இ பிழை’ என்ற வாசகம் முதுகலை மாணவருக்கும் ஒன்றும் சொல்லாது, ஆசிரியருக்கும் ஒன்றும் சொல்லாது. இலவச மென்பொருள் என்றால் இப்படித்தான் என்ற முடிவுக்கு ஒருவர் வருவது இந்த இடத்தில்தான். அந்த அவப்பெயர் ரைட்டர் தானே தேடிக்கொண்டது.

பொட்டலத்தைக் கையால் பிரிக்கலாம். ‘எம்பெடிங்ஸ்’ அடைவிலிருந்து அந்த பின் கோப்பை எடுத்து 7-ஜிப்பில் திறந்தால் ‘ஓஎல்இ10நேட்டிவ்’ என்று ஒரு ஓடை தெரியும். அதுதான் பதிவு. ஆனால் அதன் தலையில் கோப்பின் பெயரும், அனுப்பியவர் கணினியில் அது இருந்த முழுப் பாதையும் ஒட்டிக்கொண்டிருக்கும். எம்பி3 என்றால் பெரும்பாலும் கவலையில்லை, பெயரை மாற்றிவிட்டால் இயக்கி அந்தக் குப்பையைத் தாண்டிப் போய்ப் பாடத் தொடங்கிவிடும். வேவ், எம்பி4 இரண்டும் முதல் பைட்டிலிருந்தே சரியாக இருக்க வேண்டியவை, ஆகவே முரண்டு பிடிக்கும். அவற்றுக்குப் பைத்தானில் எழுதிய ஓஎல்இடூல்ஸ் தொகுப்பில் உள்ள ‘ஓஎல்இஆப்ஜ்’ கருவி சுத்தமாகப் பிரித்துக் கொடுக்கும். தீம்பொருள் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் கருவி அது. இந்தப் பொட்டல முறையைத் தீம்பொருள் அனுப்புகிறவர்களும் நெடுங்காலமாக விரும்பி வந்திருக்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அறியாதவர் அனுப்பியதைப் பிரிக்காதீர்கள். நீங்களே இப்படிச் செருகி அனுப்பினால், உங்கள் கணினியின் அடைவுப் பெயர்கள் ஊருக்கெல்லாம் போவதும் இந்த வழியில்தான்.

இத்தனை பாடு எதற்கு, யூடியூபில் ஏற்றி இணைப்பைக் கொடுத்தால் போதாதா என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. வகுப்புக்கு அது போதும். காப்பகத்துக்குப் போதாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. அதன் பிறகு மின்சாரம் இல்லாமல் இந்த மாவட்டம் இருந்த நாட்களை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஜெனரேட்டரில் மடிக்கணினியை ஏற்றிக்கொள்ளலாம், விழுந்த கைபேசிக் கோபுரத்திலிருந்து இணையம் வராது. புயல் இல்லாவிட்டாலும் இணைப்பு சாகும். ஏற்றியவர் கணக்கை மூடினால் முப்பது பக்க ஆய்வேட்டில் முப்பது ஊமைப் படங்கள்தான் மிஞ்சும். வேர்டையே வாங்கிவிடலாமே என்பது இரண்டாவது மறுப்பு. வாங்கினாலும் மாணவர்கள் பாடத்தைப் படிப்பது கைபேசியில். அங்கே இந்தப் பொட்டலத்தை வேர்டின் செயலியிடமும் நம்பிக் கொடுக்க முடியாது. பணம் செலுத்தித் தீராத குறைக்குப் பணம் செலுத்தச் சொல்வது நியாயமில்லை.

குறை சொன்ன அதே ரைட்டரில் எதிர்பாராமல் மகிழ்ச்சி தருவது எதிர்த்திசைப் பயணம். அதன் சொந்த வடிவமான ஓடிஎஃப்-ல், ‘இன்செர்ட்’ பட்டியில் ‘மீடியா’ வழியாக ஒலியையோ காணொளியையோ செருகலாம். கோப்பைத் தேர்கிற பெட்டியில் ‘லிங்க்’ என்ற கட்டம் குறியிடப்படாமல் இருக்க வேண்டும். குறியிட்டிருந்தால் பாதை மட்டும்தான் ஆவணத்துக்குள் போகும், பதிவு போகாது. ஒழுங்காகச் செருகிய பிறகு அந்த ஆவணத்தை ஜிப்பாகத் திறந்து பாருங்கள். மீடியா அடைவில் உங்கள் எம்பி3, ஒரு பைட்டும் கூடாமல் குறையாமல், எம்பி3-ஆகவே இருக்கும். நாளைக்கு லிப்ரெஆபிஸே இல்லாமல் போனாலும் ஜிப்பைப் பிரிக்கத் தெரிந்தவர் அதை எடுத்துக் கேட்கலாம். ஒரு வடிவம் திறந்தது என்பதற்கு எனக்கு இந்தச் சோதனை போதும். லினக்ஸில் ஜிஸ்ட்ரீமர் வழியாகவே ரைட்டர் பாடுகிறது, ஆகவே எம்பி4 வகையறாவுக்குக் கூடுதல் கோடெக் நிறுவ வேண்டியிருக்கும். குறுந்தகட்டுத் தரத்தில் வேவ் நிமிடத்துக்குப் பத்து எம்பி பிடிக்கும், 128 கேபிபிஎஸ் எம்பி3 ஏறத்தாழ ஒரு எம்பிதான். கள ஆய்வு மூலப் பதிவை வேவாகத் தனியே காத்துவைத்து, ஆவணத்துக்குள் எம்பி3 வைப்பது நல்லது. இப்படித் தயாரித்ததை டாக்எக்ஸாக மாற்றிச் சேமித்து, ஒலியும் கூடவே போயிருக்கும் என்று மட்டும் நம்பாதீர்கள்.

தீராத எரிச்சல் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தமிழகப் பள்ளிப் பாடநூல் முன்பு ஸ்டார்ஆபிஸ் கற்பித்தது, 2018-ல் வந்த பதினொன்றாம் வகுப்பு நூல் ஓபன்ஆபிஸ் ரைட்டரைக் கற்பிக்கிறது. கட்டற்ற மென்பொருளைப் பாடமாக்கியதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் படித்த பெயரையே தேடி ஓபன்ஆபிஸை இறக்குகிற பிள்ளைகளுக்குக் கிடைப்பது, 2014-ன் 4.1 பதிப்புக்குப் பிறகு பெரும்பாலும் ஒட்டுப்போட்டு ஓட்டப்படும் மென்பொருள். 2010-ல் அதிலிருந்து பிரிந்து வளர்ந்தது லிப்ரெஆபிஸ். அடுத்த திருத்தத்தில் பாடநூல் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும்.

எழுதுவதற்கு ரைட்டரைத் தயங்காமல் எடுங்கள். ஒலியோடு சேர்த்து எழுதுவதற்கு, ஓடிஎஃப்-ல் சேமிக்கிறவரை, வேர்டைவிட நல்ல தேர்வு அதுதான். பிறர் அனுப்பிய டாக்எக்ஸில் ஒலி கேட்க வேண்டியவர்கள் 7-ஜிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இன்றைய நிலையில் ரைட்டர் மட்டும் போதாது. இசையும் மொழியும் கற்பிக்கிற ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: வேர்டில்தான் தயாரிப்பேன் என்றாலும் சரி, ஆவணத்தோடு எம்பி3 கோப்புகளைத் தனி அடைவில் போட்டு, பாடத்தில் வரும் எண்ணையே கோப்புக்கும் பெயராக வைத்து அனுப்புங்கள்.